ஒரு லோடு ரப்பிஷ் எங்கே போகிறது?

சென்னையிலும் புறநகரிலும் பழைய தனிவீடுகளை இடித்துவிட்டு நாலு வீடு, ஆறு வீடு கொண்ட அடுக்குமாடிகள் கட்டுவது அன்றாடக் காட்சி. இவற்றைக் கட்டுவது பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள் அல்ல. ஓர் இன்ஜினியர், ஒரு மேஸ்திரி, பத்துப் பதினைந்து ஆட்கள். கம்பெனி என்பது இவ்வளவுதான். இடித்த கழிவு எங்கே போனது என்று கேட்டால், "லாரிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிறிய கம்பெனிகளுக்குக் கழிவைப் பிரிக்கத் தெரியாது என்று சொல்வதுண்டு. அது தவறு. தேக்கு நிலையும் கதவும் முதல் நாளே பழைய மரக்கடைக்குப் போய்விடும். கம்பியை உடைத்தெடுத்து எடைக்குப் போடுவார்கள். முழுச் செங்கல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டி, அடுக்கி விற்பார்கள். விலை உள்ள எதுவும் வீணாவதில்லை. மிஞ்சுவது விலை இல்லாத ரப்பிஷ் மட்டும்தான்: உடைந்த கான்கிரீட், காரை, டைல்ஸ் துண்டு.

வண்டிக்காரருக்கு லோடு கணக்கில் கூலி. தூரம் போனால் டீசல் அவர் கைக்காசு. ஆகவே இருட்டியதும் பக்கத்து ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறார். மழைநீர் நிற்க வேண்டிய இடத்தில் கல்லும் மண்ணும் நிற்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலமே குப்பையாலும் இடிபாடுகளாலும் சுருங்கிய நிலம்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அதன் பார்வை பெரியவர்கள் மேல். 2016-ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன் கழிவு உண்டாக்குபவரிடம்தான் மேலாண்மைத் திட்டம் கேட்டன. 2025-ல் அறிவித்த புதிய விதிகளில், உற்பத்தியாளர் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கே. ஆறு வீட்டு அடுக்குமாடி இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வராது. ஒவ்வொன்றும் சிறிது, சேர்ந்தால் மலை.

அதற்காகச் சிறிய கான்ட்ராக்டர் தலையிலும் அதே காகித வேலையைக் கட்டுவது தீர்வல்ல. லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். வேண்டியது மூன்று.

முதலாவது, பக்கத்தில் ஓர் இடம். சென்னையில் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும், நகரின் இரு முனைகளில் உள்ளன. இடையில் உள்ளவர்களுக்கு, நடந்து போகிற தூரத்தில் இல்லாவிட்டாலும் ஒரு ட்ரிப்புக்குக் கட்டுப்படியாகிற தூரத்தில் சேகரிப்பு இடம் வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் கழிவு அகற்றும் செலவைத் தனியாக எழுதுவது. கொட்டிய இடத்தின் ரசீதைக் காட்டினால்தான் வண்டிக்காரருக்கு முழுக் கூலி.

மூன்றாவது, சைட்டிலேயே குறைப்பது. மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடுவது இங்கே பழைய வழக்கம். உடைந்த செங்கல்லுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? உடைத்த கான்கிரீட் ஜல்லியை எம்-15க்குக் குறைவான கான்கிரீட்டில் முழுக்கவே பயன்படுத்தலாம் என்கிறது ஐ.எஸ். 383 (2016). தரைக்கு அடியில் போடும் பி.சி.சி.க்கு அது போதும்.

செலவு கூடுமே என்பார்கள். கூடும்தான். ஆனால் பல லட்சம் போகிற வீட்டில் சில லோடு ரப்பிஷின் கூலி பெரிய தொகையல்ல. இன்றும் அந்தச் செலவை ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வீடு கட்டியவர் அல்ல, ஏரிக்குக் கீழே குடியிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் கட்டிலைத் தூக்கி வைப்பவர்.