கூட்டு மந்திரிசபை: உங்கள் ஓட்டு எங்கே போகிறது?

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ராஜாஜி பிறந்த ஊர் அது. எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

தேர்தலில் எந்தக் கட்சிக்கும் போதிய இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? யார் மந்திரி ஆவார்கள்? இதற்கு இந்த எல்லைச் சீமையிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, தொரப்பள்ளியில் பிறந்தவர் 1952-ல் சென்னையில் அமைத்த மந்திரிசபை. மற்றொன்று, 2018-ல் பெங்களூரில் அமைந்த மந்திரிசபை. இரண்டிலும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே. "நான் போட்ட ஓட்டு எங்கே போயிற்று?"

375-க்கு 152

1952 ஜனவரியில் சென்னை ராஜ்யத்தில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் அப்போது சென்னையோடு சேர்ந்து இருந்தன. சட்டசபையில் 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதல்-மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள் கிடைத்தன.

எதிர்க்கட்சிகள் ஒன்று கூடின. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைந்தது. தங்கள் பக்கம் 166 பேர் என்றும், தங்களையே அழைக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள்.

ஆனால் கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவருக்கு அப்போது வயது 73. கவர்னர் ஜெனரலாக இருந்து முடித்தவர். அந்தத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. கவர்னர் அவரை மேல்சபை அங்கத்தினராக நியமித்தார். ஏப்ரல் 10-ந் தேதி அவர் முதல்-மந்திரி ஆனார். மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் முதல்-மந்திரி ஆகலாமா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டதில் நியாயம் உண்டு.

152 எப்படி 200 ஆயிற்று?

ஜூலை 3-ந் தேதி சட்டசபையில் நம்பிக்கை ஓட்டு நடந்தது. ஆதரவு 200. எதிர்ப்பு 151. ராஜாஜி வென்றார்.

கூடுதல் ஓட்டுகள் எங்கிருந்து வந்தன? சுயேச்சைகளும் சிறு கட்சிகளும் கொடுத்தவை அவை. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கங்களில் வன்னிய விவசாயிகளின் ஆதரவு பெற்ற இரண்டு கட்சிகள் இருந்தன. ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். இரண்டும் தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்றவை.

நாயக்கர் நில வருவாய் மந்திரி ஆனார். படையாச்சி முதலில் வெளியில் இருந்து ஆதரவு தந்தார். 1954-ல் காமராஜர் எட்டே பேர் கொண்ட மந்திரிசபை அமைத்தபோது அதில் படையாச்சியும் இருந்தார், நாயக்கரும் இருந்தார். பிறகு இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்துபோயின.

ஓட்டுப் போட்டவர்களுக்கு இது லாபமா, நஷ்டமா? அதுவரை கோட்டைக்குள் குரல் இல்லாத விவசாயிகளுக்கு இரண்டு மந்திரிகள் கிடைத்தார்கள். அது லாபம். ஆனால் அவர்கள் ஓட்டுப் போட்ட கட்சியே இல்லாமல் போயிற்று. அது நஷ்டம்.

ஓசூர்ச் சந்தை போல

ராஜாஜியின் மந்திரிசபையில் அவரோடு சேர்த்து 15 பேர். நிதியும் உணவும் சி.சுப்பிரமணியத்திடம். தென் கன்னடத்துக்கு ஏ.பி.ஷெட்டி. பெல்லாரிக்கு நாகன கவுடா. மலபாருக்குக் குட்டிகிருஷ்ணன் நாயர். தெலுங்கு மந்திரிகளில் சஞ்சீவய்யா ஒருவர். பிற்காலத்தில் அவர் ஆந்திர முதல்-மந்திரி ஆனார். ஓசூர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும் அல்லவா? இந்த மந்திரிசபையில் மலையாளமும் சேர்ந்து நான்கு.

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திரா தனி ராஜ்யம் ஆயிற்று. அதன் முதல்-மந்திரி யார் தெரியுமா? அதே பிரகாசம்தான்! அதுவும் காங்கிரசின் ஆதரவோடு. அந்த ஆட்சி 1954 நவம்பரில் மதுவிலக்குப் பிரச்சினையில் கவிழ்ந்தது.

பெங்களூரில் நடந்தது

இப்போது எல்லையைத் தாண்டுவோம். 2018 மே மாதம் கர்நாடகத்தில் தேர்தல். பா.ஜ.க.வுக்கு 104, காங்கிரசுக்கு 78, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 37. எடியூரப்பா மே 17-ந் தேதி பதவி ஏற்றார். எண்ணிக்கை சேரவில்லை. மே 19-ந் தேதி, ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார்.

37 இடம் பெற்ற கட்சியின் குமாரசாமி மே 23-ந் தேதி முதல்-மந்திரி ஆனார். காங்கிரஸ் ஆதரவு தந்தது. ஆனால் நிதி இலாகா யாருக்கு என்று இழுபறி. முடிவில் காங்கிரசுக்கு 22 மந்திரி இடம், ஜனதா தளத்துக்கு 12 என்று பங்கு பிரிந்தது. இரு கட்சிகளுக்கும் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றும் வைத்தார்கள். அப்படியும் மனத்தாங்கல் தீரவில்லை. இரு கட்சிகளிலும் எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்தார்கள். 2019 ஜூலை 23-ந் தேதி 99-க்கு 105 என்ற கணக்கில் ஆட்சி கவிழ்ந்தது. ஆயுள் 14 மாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1952-ல் கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் இல்லை. 1985-ல் வந்தது. ஆகவேதான் கர்நாடகத்தில் 17 பேர் பதவி இழந்தார்கள். அவற்றில் 15 தொகுதிகளில் 2019 டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. பா.ஜ.க. 12 இடங்களில் வென்றது. அதாவது, கடைசிச் சொல் மறுபடியும் ஓட்டரிடமே வந்தது.

மெஜாரிட்டி யாருக்கு என்பதைக் கவர்னர் மாளிகையில் முடிவு செய்யக் கூடாது, சட்டசபையில்தான் எண்ண வேண்டும் என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கும் கர்நாடகத்து முதல்-மந்திரியாக இருந்த பொம்மையின் வழக்குத்தான்.

மந்திரிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2003-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டசபை இடங்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது. தமிழ்நாட்டில் 35 பேர். எல்லோருக்கும் நாற்காலி கொடுக்க முடியாது. மனத்தாங்கல் அங்கேதான் பிறக்கிறது.

மந்திரிசபையில் சேராமலும் ஆதரவு தரலாம். 2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 இடங்களே. காங்கிரசும் மற்றக் கட்சிகளும் வெளியில் இருந்து ஆதரித்தன. மந்திரிகள் எல்லோரும் தி.மு.க.வினர். ஆட்சி ஐந்து ஆண்டும் நடந்தது.

நமக்கு என்ன?

"யார் மந்திரி ஆனால் நமக்கு என்ன?" என்று சிலர் சொல்வார்கள். தென்பெண்ணை ஆற்றைக் கேளுங்கள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சுமந்து, நுரையோடு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அதைத் தடுக்க இரண்டு அரசாங்கங்கள் பேச வேண்டும். அத்திப்பள்ளி வழியாகத் தினம் வேலைக்குப் போய்வரும் தொழிலாளிக்கு இரண்டு அரசாங்கங்களின் பஸ்ஸும் வேண்டும். ஒரு பக்கம் மந்திரிகள் நாற்காலியைக் காப்பதிலேயே பொழுதைக் கழித்தால், மனு கொடுத்தவன் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே கூட்டு மந்திரிசபை அமைந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சட்டசபையில் எண்ணிக்கை நிரூபணம் ஆயிற்றா? உங்கள் கட்சி எந்த இலாகாவை வாங்கியது? என்ன வேலை செய்வோம் என்று கூட்டாளிகள் எழுதி வைத்தார்களா?

மந்திரிகள் பட்டியல் பத்திரிகையில் வரும் நாளில் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இலாகாவையும் படியுங்கள். உங்கள் ஓட்டு எங்கே போயிற்று என்பது அங்கேதான் எழுதி இருக்கும்.