மண் போனால் கூலியும் போகும்

தோட்டத் தொழிலாளியின் கூலி செக்ரோலிலிருந்து வருவதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது மரத்தின் பாலிலிருந்து வருகிறது. மரம் மண்ணிலிருந்து உண்கிறது. ஆகவே மழை அரித்துச் செல்லும் ஒவ்வொரு கூடை மேல்மண்ணிலும் நம் கூலியில் ஒரு பங்கு போகிறது என்பதைத் தோழர்கள் உணர வேண்டும்.

இந்நாட்டில் ரப்பர் பயிரான தொடக்க காலத்தில், ஒரு புல்லும் இல்லாத தோட்டமே நல்ல தோட்டம் என்று துரைமார் கருதினர். லாலாங் புல்லுக்கு அஞ்சி, நம் பாட்டன் பாட்டிமாரைக் கொண்டு நிலத்தை மொட்டையாகச் சுரண்ட வைத்தனர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில் மொட்டை மண் நிற்குமா? மேல்மண் ஆற்றுக்குப் போயிற்று. மரவேர் வெளியே தெரிந்தது. 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பின்னர் மூடுகொடிகளையே வலியுறுத்தியது.

கலோபோகோனியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா ஆகிய கொடிகள் அவரை இனத்தவை. அவற்றின் இலை மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. வேர் மண்ணைப் பிடிக்கிறது. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகிறது. இக்கொடி படர்ந்த மறுநடவில் இளமரம் விரைவில் பருத்து வெட்டுக்கு வரும். சரிவில் ஒரே மட்டமாக, உட்புறம் சாய்த்து வெட்டிய படிகள் ஓடும் நீரை நிறுத்தும். இடையிடையே தோண்டிய குழிகள் வண்டலைப் பிடிக்கும்.

இவை நிர்வாகங்கள் அறியாதவை அல்ல. எனினும் செலவு என்றதும், மருந்தடித்து நிரை முழுவதையும் கருக்குவதே மலிவு என்பார்கள். யாருக்கு மலிவு? பம்பைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் அடித்த பாராகுவாட்டை அரசு 2020 சனவரி முதல் நாள்தான் முற்றாகத் தடை செய்தது. மருந்தின் பெயர் மாறினாலும் மொட்டை மண் மொட்டை மண்ணே. அந்தச் சரிவில் பால்வாளியோடு வழுக்கி விழுபவர் துரை அல்லர். மரம் மெலிந்து பால் குறைந்தால், எடைக்குக் கூலி வாங்குபவரே முதலில் இழக்கிறார். அதன் மேல் ‘வெட்டுச் சரியில்லை’ என்ற பழியும் அவருக்கே!

கொடிக்குள் பாம்பு இருக்கும் என்று தொழிலாளர் அஞ்சுவது நியாயமே. அதற்காக மலை முழுவதையும் மொட்டையாக்க வேண்டியதில்லை. நடைவழியையும் மரத்தடியையும் துப்புரவாக்கி, நிரைகளுக்கு இடையே கொடியை விட்டுவைத்தால் போதும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. மறுநடவில் நிலம் திருத்தியவுடன் மூடுகொடி விதைக்க வேண்டும். முழுவதும் மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். படி திருத்தும் வேலையையும் குழி தூர் எடுக்கும் வேலையையும் வெட்டு வேலையோடு இலவசமாக ஒட்டிவிடாமல், தனி நாட்கூலி தர வேண்டும். செம்பனைக்கு மாறிய தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

கிராணி நண்பர்களே, எந்த நிரையில் படி இடிந்தது, எந்தக் குழி தூர்ந்தது என்று வெட்டுக்காரரிடம் கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் எழுத்துக்குள்ள மதிப்பு வாய்ச்சொல்லுக்கு இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதே மண்ணைப் பற்றியும் பேசுவோம்.