தராசு சொல்லாத சங்கதி

டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் புனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின்.

இருவருடைய எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. இருவருக்கும் ஒரே விடை வந்தது. 22.3!

பிறகு எக்ஸ்ரே கருவி மூலம் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தார்கள். லண்டன் டாக்டருக்கு 100-க்கு 9 பங்குதான் கொழுப்பு. புனே டாக்டருக்கோ 21 பங்கு!

2004-ம் ஆண்டில் இருவரும் சேர்ந்து, இதை "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் படத்துடன் வெளியிட்டார்கள். லண்டன் டாக்டர் மாரத்தான் ஓடுகிறவர். ஆஸ்பத்திரி "லிப்ட்" கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் புனே டாக்டரின் தேகப்பயிற்சியாம்! அவர் பிறக்கும்போதே எடை குறைந்த குழந்தை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

ஒல்லி மனிதர்

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குண்டாக இருப்பவரைப் பார்த்து, "சர்க்கரை வியாதி வந்துவிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். குச்சி போல் கையும் காலும் உள்ளவரை, "அவருக்கு என்ன? ஒல்லி உடம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டைக்குள் இருக்கும் சின்னத் தொப்பையை யாரும் கவனிப்பதில்லை. இது பெரிய தவறு. சர்க்கரை வியாதி அந்த ஒல்லி மனிதரையும் பிடிக்கும்.

தொடையில் சேரும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருகிறதே, அதுதான் பொல்லாதது. அது ஈரலின் வேலையைக் கெடுத்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால்தான், முன்பு சொன்ன கணக்கில் வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை பரவாயில்லை என்றால், நம்மவர்கள் 23-லேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

கொழுப்பே கூடாதா?

அப்படிச் சொல்லுவதும் முட்டாள்தனம்தான். சினிமா நடிகர் போல வயிற்றில் கட்டுக் கட்டாகத் தெரியவேண்டும் என்று பட்டினி கிடக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு 100-க்கு 3 பங்கும், பெண்ணுக்கு 12 பங்கும் உயிர் வாழ்வதற்கே வேண்டிய கொழுப்பு. பெண்ணுக்கு அதிகம் இருப்பது இயற்கை. கருவைச் சுமக்கும் உடம்பு அது. மெலிய வேண்டும் என்று சாப்பாட்டை அடியோடு குறைத்தால் மாதவிலக்கே நின்றுபோகும். மகள் "டயட்" என்று தட்டை ஒதுக்கும்போது, தாய்மார்கள் சும்மா இருக்கக்கூடாது.

ஒரு டேப் போதும்

கொழுப்பை அளக்க எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். ஆணுக்கு வயிற்றின் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். பெண்ணுக்கு 80. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபிறகு அளக்கவேண்டும். வயிற்றை எக்கிக்கொள்ளக் கூடாது! பேண்ட் அளவைப் பார்ப்பதும் பயன்படாது. தொப்பைக்குக் கீழே பேண்ட்டை இறக்கிப் போட்டுக்கொண்டு, "கல்யாணம் ஆன நாளிலிருந்து என் இடுப்பு 34 அங்குலம்தான்" என்று பெருமை பேசுகிறவர்கள் எத்தனையோ பேர்!