பில்ட்-இன் அலமாரி இடத்தை மிச்சப்படுத்துதா, முழுங்குதா? பழைய சின்ன வீட்டுக்காரங்க போட வேண்டிய கணக்கு!

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆசை ஆசையா செஞ்ச கட்டிலை, அதைச் செஞ்ச கார்பென்டர் அண்ணனையே கூப்பிட்டு உடைக்கச் சொன்னோம். அவர் ஒரு நிமிஷம் சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டே நின்னார். "நல்ல சரக்குமா இது, இன்னும் பதினஞ்சு வருஷம் வரும்" என்றார். வரும்தான். ஆனா எங்க பாட்டிக்கு வழி வேணுமே!

எங்களுடையது மேற்கு மாம்பலத்தில் 1980-களில் கட்டிய அடுக்குமாடியில் ஒரு தரைத்தள வீடு. மொத்தமே 480 சதுர அடி. 2021-ல், ஊரடங்கு நேரத்தில் அதே வீட்டுக்குள் அப்பாவின் ஆபீஸ், தங்கச்சியின் ஆன்லைன் கிளாஸ், அம்மாவின் சமையல் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியபோது, 'பில்ட்-இன் பண்ணிட்டா இடம் கிடைக்கும்' என்று முடிவெடுத்தோம். அப்பாவின் பி.எஃப் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு, பத்துக்குப் பத்து ரூமில் ஒரு சுவர் முழுக்க அலமாரி, எதிர்ச்சுவரோடு சேர்த்து அடித்த கட்டில். போட்டோவில் பார்க்க அப்படியே ரீல்ஸில் வரும் வீடு மாதிரி இருந்தது.

போன வருஷம் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்தது ஒன்றரை அடி. அந்த வழியாகத்தான் பாத்ரூமுக்குப் போகணும். வாக்கரின் அகலமே கிட்டத்தட்ட இரண்டு அடி. சாதாரண கட்டிலா இருந்தா இழுத்துப் போட்டிருப்போம். இது சுவரோடு சேர்ந்தது, நகராது.

தப்பு கார்பென்டர் மேல இல்லை, பிளைவுட் மேலயும் இல்லை. நாங்க போட்ட கணக்குதான் தப்பு.

தரைக்கு ஒரு விலை இருக்கு

முதல்ல அந்தக் கணக்கையே பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி ரூம்னா 100 சதுர அடி. ஹேங்கரில் துணி தொங்கவிடும் அலமாரிக்கு உள்ளாழம் சுமார் 2 அடி வேணும். அதை 10 அடி சுவர் முழுக்க அடிச்சா 20 சதுர அடி காலி. ரூமில் ஐந்தில் ஒரு பங்கு! இழுத்துத் திறக்கும் கதவு வச்சா, அது திரும்ப இன்னும் ஒன்றரை அடி, இரண்டு அடி சும்மா விடணும்.

உங்க ஏரியாவில் சதுர அடி 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அந்த அலமாரி உட்கார்ந்திருக்கும் தரையின் மதிப்பு மட்டும் 2 லட்சம் ரூபாய். உள்ளே என்ன இருக்கு? பாதிக்குப் பாதி, வருஷத்துக்கு ஒருமுறை தொடும் சாமான்: கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், யாருக்கும் சேராத பேன்ட், பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டி.

இப்ப இதையே மாத்திப் பாருங்க. மடிச்சு வைக்கும் துணிக்கு 15 அங்குல ஆழம் போதும். அதே 10 அடி சுவரில் 12.5 சதுர அடிதான் போகும். ஏழரை சதுர அடி மிச்சம். அது அப்படியே நடக்கும் வழியோடு சேரும். புத்தகத்துக்கு 10-12 அங்குலம் போதும். சின்ன மசாலா டப்பா வகையறாவுக்கு 5 அங்குலமே தாராளம். 'எல்லா அலமாரியும் இரண்டு அடி'ன்னு ஒரே அளவில் அடிக்கிறதுதான் சின்ன வீட்டை முழுங்குற முதல் விஷயம்.

பழைய வீடு ஏற்கெனவே பில்ட்-இன்தான்!

பில்ட்-இன் ஏதோ புதுசா வந்த சங்கதின்னு நினைக்கிறோம். பாட்டி ஊர் வீட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. வாசல் திண்ணை என்பது நகராத சோபா. விளக்கு வைக்க மாடக்குழி. கனமான சுவருக்குள்ளேயே தேக்குக் கதவு போட்ட சுவரலமாரி. தலைக்கு மேல பரண். சென்னையின் பழைய ஃப்ளாட்டுகளில் சமையலறைக்குக் கடப்பா கல் அலமாரி, மேலே கான்கிரீட் லாஃப்ட்.

இதில் எதுவுமே நடக்கும் தரையைத் தொடலைங்கிறதைக் கவனிச்சீங்களா? மாடக்குழி சுவரின் கனத்திலிருந்து இடம் எடுத்தது. பரண் உயரத்திலிருந்து எடுத்தது. யாரும் கால் வைக்காத இடத்தைத்தான் அவங்க பயன்படுத்தினாங்க.

நாம என்ன பண்றோம்? கரையான் அரிக்காத, தண்ணியில் ஊறாத கடப்பா கல்லை 'பழசா இருக்கு'ன்னு உடைச்சுப் போட்டுட்டு, அந்த இடத்திலேயே பிளைவுட் பெட்டியைப் பொருத்துறோம். அந்தக் கல்லுக்கு முன்னாடி ஒரு கதவு மட்டும் போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். செலவும் குறைச்சல்.

சின்ன வீட்டுக்குன்னே பில்ட்-இன் டிசைன் பண்ணினதில் உலகப் புகழ்பெற்ற ஒரு உதாரணமும் இருக்கு. 1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைச்சார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு இடம். எல்லாமே சுவரோடு பொருத்தினது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அதுதான். ஆனா அதில் ஒருத்தர்தான் நின்னு வேலை செய்ய முடியும், இரண்டாவது ஆள் உதவிக்கு வந்தா இடிக்கும் என்ற விமர்சனமும் கூடவே வந்தது. கட்டிலை உடைச்ச அன்னிக்கு எங்களுக்கு வந்த ஞானமும் இதேதான். நேத்து வரைக்கும் இருந்த பழக்கத்துக்கு அளவெடுத்து அடிச்சிடுறோம். வீட்டில் ஆள் கூடினாலோ, குறைஞ்சாலோ, வயசானாலோ அது ஒத்துக்காது.

அடிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம்?

வாடகை வீடுன்னா சுவரோடு சேர்க்கிற எதுவும் உங்களுடையது இல்லைன்னு நினைச்சுக்கிட்டே செலவு பண்ணுங்க. காலி பண்ணும்போது கழட்டினா சுவரில் ஓட்டை, அட்வான்ஸில் பிடித்தம். விட்டுட்டுப் போனா நஷ்டம் உங்களுக்கு. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதிலேயே 'அலமாரி யாருடைய செலவு, போகும்போது யாருக்கு' என்று ஒரு வரி சேர்த்துடுங்க. வாய்ப்பேச்சா 'அதெல்லாம் பார்த்துக்கலாம்'னு விட்டா, பின்னாடி பார்த்துக்கவே முடியாது.

சொந்த ஃப்ளாட்டுக்கும் இப்ப இந்தக் கேள்வி வந்தாச்சு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா பழைய கட்டடத்தை இடிச்சுப் புதுசா கட்டலாம். 40 வருஷத்துக்கு மேலான பில்டிங்கா? அசோசியேஷன் மீட்டிங்கில் 'ரீ-டெவலப்மென்ட்' என்ற வார்த்தை அடிபடுதா? அப்போ மூணு லட்சத்துக்கு இன்டீரியர் பண்ண இது நேரமில்லை. புது வீட்டில் பங்கு பேசும்போது நிலத்தின் பங்கும் சதுர அடியும்தான் முன்னால் நிக்கும். உங்க வார்ட்ரோபுக்குத் தனி விலை எதிர்பார்க்காதீங்க.

2. சுவர் என்ன சொல்லுது?

பழைய வீட்டுச் சுவருக்கு இரண்டு வியாதி. ஒண்ணு ஓதம். ஒரு அடி அளவு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. சுவர்ப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தா அங்கே மரம் வேண்டாம், முதல்ல கசிவைச் சரிபண்ணுங்க. பாத்ரூமை ஒட்டிய சுவரில் இந்த டெஸ்ட்டைக் கண்டிப்பா பண்ணணும். அதுவும் மழைக்காலத்தில் பண்ணினா உண்மை தெரியும். சுவர் நல்லா இருந்தாலும் அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் ஒரு அங்குலம் காத்துப் போக விடுங்க.

இரண்டாவது, பாரம். பல பழைய கட்டடங்களில் 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குது. 'சுவரைக் குடைஞ்சு ஷெல்ஃப் வச்சிடலாம் சார்'னு யாராவது சொன்னா, ஒரு சிவில் இன்ஜினீயர் வந்து பார்க்காம சரின்னு சொல்லாதீங்க. ஏற்கெனவே இருக்கும் சுவரலமாரியைப் பயன்படுத்துறது வேற, புதுசா சுவரைக் குடையுறது வேற. லாஃப்டிலும் அடியில் விரிசலோ, துருப்பிடிச்ச கம்பியோ தெரிஞ்சா சுமை ஏத்தாதீங்க.

சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணு: வெள்ளம். 2015 டிசம்பரில் எங்க வீட்டுக்குள் தண்ணி வந்தப்போ இரும்பு பீரோவைத் துடைச்சு வச்சோம், இன்னும் ஓடுது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கணுக்கால் அளவு தண்ணிக்கே புது அலமாரியின் அடிப்பலகை உப்பிப்போச்சு. கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்கும் ஐ.எஸ். 710 ரக பிளைவுட் நல்லதுதான். ஆனா அந்தத் தரம் முக்கியமா சொல்றது, பலகை அடுக்குகளை ஒட்டும் பசை தண்ணிக்குத் தாங்கும் என்பதை. நாள் கணக்கா சாக்கடைத் தண்ணியில் நிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் என்றால் இன்னும் மோசம். தரைத்தளமா? கீழ் ஒரு அடிக்குக் கல்லோ, சிமென்ட் மேடையோ, ஸ்டீல் காலோ வச்சு அதுக்கு மேல மரத்தை ஆரம்பிங்க.

3. எதை நகர்த்த வேண்டி வரும்?

நகரவே தேவையில்லாத சாமானுக்கு மட்டும் பில்ட்-இன். வாசல் கதவுக்கு மேல ஓடும் ஷெல்ஃப், ஜன்னல் திட்டுக்குக் கீழ் இருக்கும் பொந்து, ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கும் வெற்றிடம், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோணம் இதெல்லாம் தாராளமா அடிக்கலாம். அங்கே யாரும் நடக்கப்போறதில்லை.

கட்டில், மேஜை மாதிரி ஆட்களோடு சேர்ந்து மாறுறவை தனியா, காலோடு இருக்கட்டும். அடியில் இழுப்பறை வேணும்னா சக்கரம் வச்ச பெட்டி போதும். சுவரில் மடக்கும் கட்டில் ஆசை இருந்தா, பழைய பூச்சுச் சுவரில் மட்டும் தொங்குற மாதிரி வேண்டாம். தரையில் ஊன்றி நிக்கும் ஃப்ரேமா கேளுங்க. அலமாரிக்குப் பின்னாடி சுவிட்ச் பாக்ஸ், தண்ணிக் குழாய் மறையாம பார்த்துக்கங்க. பழைய வீட்டில் அது எப்ப கூப்பிடும்னு தெரியாது.

ரீல்ஸில் வராத விஷயம்

முப்பது செகண்டில் வீடு மாறும் வீடியோக்களில் ஒரு விஷயம் வராது. அந்த வீட்டில் அஞ்சு வருஷம் கழிச்சு யார் இருப்பாங்க? கேமரா கதவோரம் நின்னு வைட் ஆங்கிளில் எடுக்கும்போது ஒன்றரை அடி வழியும் மூணு அடியா தெரியும். அதனால ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. வரப்போகும் அலமாரியின் அளவைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு வாரம் அந்தக் கோட்டைத் தாண்டாம வாழ்ந்து பாருங்க. வீட்டில் மூத்தவங்க யாராவது இருந்தா அவங்களையும் நடக்கச் சொல்லுங்க. செலவு ஒரு சாக்பீஸ்.

எங்க வீட்டில் இப்ப அதே பிளைவுட்டை அறுத்து 15 அங்குல ஆழத்தில் 6 அடி அலமாரி பண்ணியாச்சு. மிச்சப் பலகை கதவுக்கு மேல ஷெல்ஃப் ஆயிடுச்சு. தங்கச்சி படிக்க, சுவரில் மடக்கும் சின்ன மேஜை. பாட்டிக்கு மூணு அடி அகல இரும்புக் கட்டில், கடைசி வரைக்கும் இழுத்துப் போடலாம். கட்டிலுக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி போச்சு. அப்பா அதைப் பத்திப் பேசுறதில்லை, நாங்களும் கேட்கிறதில்லை.

ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வாக்கர் சத்தம் 'டக், டக்'னு கேட்கும்போது யாரும் எழுந்திரிக்கிறதில்லை. பாட்டி தானே பாத்ரூம் போயிட்டு, தானே வந்து படுத்துக்கிறார்.