மரபணுவின் மீது பழிபோடும் நஞ்சு வணிகம்

பூச்சிமருந்து தெளித்த கூலித்தொழிலாளி மாண்டால், குற்றத்தை அவர் தலையிலேயே கட்டுவது நஞ்சு வணிகர்களின் பழக்கம். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பருத்தி வயல்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ‘பாதுகாப்பு உடை அணியவில்லை’ என்று பழி சுமத்தப்பட்டது. நாளை ‘உன் மரபணு சரியில்லை’ என்பார்கள். அதற்கான விடையை இன்றே அறிந்து வைப்போம்.

‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் துகள்கள், பாராக்சோனேஸ் என்னும் நொதியை ரத்தத்தில் சுமந்து செல்கின்றன. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் உடலுக்குள் கொடிய வடிவம் பெற்று நரம்புகளைத் தாக்குகையில், அந்த வடிவத்தை உடைப்பது இந்நொதியே. இதன் 192ஆம் இடத்தில் சிலருக்குக் குளூட்டமின், சிலருக்கு ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் அமைகிறது. பாரத்தியானின் நச்சு வடிவத்தை ஆர்ஜினின் வகை விரைந்து உடைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சரின் நச்சுவாயுவின் முன்னோ குளூட்டமின் வகையே வலியது. ஆக, எல்லா நஞ்சுக்கும் ஈடுகொடுக்கும் ‘நல்ல மரபணு’ என ஒன்றில்லை. மரபணுவைத் ‘தலையெழுத்து’ என்று மொழிபெயர்ப்பது அறிவியல் அன்று, மோசடி.

நொதியின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் தாய்மாரையும் சேய்களையும் ஆராய்ந்தபோது, பச்சிளங்குழந்தைகளிடம் தாய்மாரின் அளவில் ஏறத்தாழக் கால்பங்கே இருந்தது.

இவ்வுண்மையிலிருந்து மூலதனம் எடுக்கும் முடிவு ஒன்று: தொழிலாளியைச் சோதி, ‘பலவீனரை’ விலக்கு, நஞ்சைத் தொடர்ந்து விற்பனை செய். இது வீண் அச்சம் அன்று. மணிக்கட்டுப் பாதிப்புக்கு இழப்பீடு கோரிய தொழிலாளரின் ரத்தத்தை, அவர்கள் அறியாமலே மரபணுச் சோதனைக்கு உட்படுத்திய அமெரிக்க ரயில் நிறுவனம் 2001இல் அம்பலப்பட்டது.

உழைப்பவர் எடுக்கும் முடிவு வேறு. நஞ்சுக்குப் ‘பாதுகாப்பான அளவு’ வகுப்போர், மனிதருக்கிடையிலான வேறுபாட்டுக்கென வழக்கமாக ஒதுக்குவது பத்து மடங்கு. சலினாஸில் மதிப்பிடப்பட்ட வேறுபாடோ அதைத் தாண்டியது. அப்படியானால் திருத்த வேண்டியது தொழிலாளியின் உடலையா, அளவை வகுத்த ஏட்டையா?

ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் குளோர்பைரிபாஸுக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் நம் ஒன்றிய அரசும் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ய வரைவாணை வெளியிட்டது. குளோர்பைரிபாஸும் அதில் இடம்பெற்றிருந்தது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது பட்டியலில் பெரும்பகுதி தப்பிவிட்டது, குளோர்பைரிபாஸ் உட்பட. தப்புவித்தது எவருடைய மரபணு? நிறுவனங்களின் லாபமே.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அபாயகர நஞ்சுகளைத் தடைசெய்க. பாதுகாப்பு அளவை, மிக எளிதில் பாதிக்கப்படும் குழந்தையைக் கொண்டு வகுத்திடுக. தெளிப்போருக்கு முதலாளியின் செலவில் முறையான ரத்தப் பரிசோதனை நடத்துக; அதன் முடிவைக் காட்டி எவரையும் வேலைநீக்கம் செய்வதைச் சட்டத்தால் தடுத்திடுக. விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் மேடைகளில் இவை ஒலிக்க வேண்டும், தோழர்களே. ரத்தத்தில் உள்ள நொதி காக்கும் என்று காத்திருக்க முடியாது. காக்க வல்லது சங்கம்.