'சில்' என்றால் என்ன?

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அமெரிக்காவில் இருக்கும் என் பிள்ளைக்கு நாலு நாளாக ஜுரம். டாக்டரிடம் போனாயா என்று செல்போனில் எழுதிக் கேட்டேன். 'சில், அம்மா!' என்று பதில் வந்தது. குளிர் ஜுரமோ என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. எதிர்வீட்டுக் காலேஜ் பெண்ணோ, 'அலட்டிக்காதீங்க என்று அர்த்தம், மாமி' என்கிறாள். எது சரி?"

அம்மணி, இரண்டும் சரியே! உடம்பை உலுக்கி எடுக்கும் குளிருக்கும் 'சில்' என்றுதான் பெயர். மலேரியாவில் வருகிறதே, அதுதான். பதறாதே என்ற பொருள் அமெரிக்கப் பேச்சு வழக்கில் பிறந்து, 1980களில் இளவட்டங்களிடையே பரவியது. தங்கள் பிள்ளை சொன்னது இதைத்தான். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஆனாலும் அது சிநேகிதர்களுக்குள் புழங்கும் சொல். கவலையோடு கேட்கும் தாயாருக்கு அது பதில் ஆகாது. டாக்டரிடம் போனானா இல்லையா? இன்றைக்கே டெலிபோன் பண்ணி, தமிழிலேயே கேட்டுவிடுங்கள்.

'சில்', 'கூல்', 'கோல்ட்' மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை. குழந்தைகள் சாப்பிடும் 'ஜெல்லி'கூட அந்த வம்சந்தான்! நம்முடைய 'ஜில்' வேறு, அது ஒலிக்குறிப்பு.

நேயர்களே, இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரை வெயிலில் திருச்சித் தெப்பக்குளம் கடைவீதியில் நின்றவர்களுக்குக் குளிர்ச்சி என்றாலே சுகம். அதனால் நமக்குக் கண் குளிரும், மனம் குளிரும், வயிறும் குளிரும். வெள்ளைக்காரர் ஊரிலோ குளிர் ஆளை வாட்டும். அங்கே 'கோல்ட்' வரவேற்பு என்றால் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று அர்த்தம்! வெளிநாட்டுச் சம்பந்தி வாய்த்தவர்கள், உபசாரத்தில் மனம் குளிர்ந்ததை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்து எழுதிவிடாதீர்கள். அங்கே உள்ளம் 'வார்ம்' ஆக வேண்டும்.

"கிளைமேட் சில்லென்று இருக்கிறது" என்கிறோமே, அங்கே 'வெதர்' என்பதே பொருத்தம். மார்கழி விடியலில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுகி எழுந்ததும் உடம்பு வெடவெடக்கிறதல்லவா, அது 'சில்லி'. இதமாக இருந்தால் 'கூல்'.

மிளகாய்ப்பொடிப் பொட்டலங்கள் சிலவற்றில் இந்தக் குளிர் 'சில்லி'யையே, கடைசியில் 'ஒய்' போட்டு, அச்சடித்துவிடுகிறார்கள். மிளகாய்க்கு வழக்கமாக வருவது 'ஐ'. அது மெக்ஸிகோவின் நாவாட்டில் மொழிச் சொல். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த காய். மிளகுபோல் காரமாயிருக்கவே, நாம் அதை மிளகாய் ஆக்கிக்கொண்டோம்.