சிமுலேட்டரும் சோதனைக்கு உட்படட்டும்

ஊரப்பாக்கத்துக்கு அண்மையில், தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி 1954 முதல் நடந்துவருகிறது. பறக்கும் வித்தையைக் கற்பிப்பதற்கே தனிப் பயிற்சி அவசியம் என்பதை இவ்வளவு காலமாக ஒப்புக்கொண்டிருக்கும் தேசத்தில், 2025 அக்டோபரில் வெளியான ஒரு செய்தி எளிதில் மறக்கத்தக்கதன்று. ‘சி’ வகை எனப்படும் கடினமான விமான நிலையங்களுக்குரிய பயிற்சியை, அதற்கெனத் தகுதி பெறாத சிமுலேட்டர்களில் நடத்தியதற்காக இண்டிகோ நிறுவனத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 40 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது. முறையீட்டின் முடிவு எதுவாயினும், சிமுலேட்டர் எந்த மட்டும் மெய் என்ற பிரச்சினை தீர்ந்துவிடாது.

சிமுலேட்டரின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. தரையை விட்டு எழும் தருணத்தில் எஞ்சின் தீப்பற்றுவதை, ஓர் உயிருக்கும் அபாயமின்றி, பலமுறை பழகிக்கொள்ள வேறு உபாயம் இல்லை. ஆறு கால்களின் மேல் நிற்கும் சிமுலேட்டர் அறையில், விமானி விசையைக் கூட்டியதும், எதிரே திரையில் ஓடுதளம் சமமாகவே விரைந்துவர, அறை மட்டும் மெல்லப் பின்னால் சாய்கிறது. முதுகு நாற்காலியில் அழுந்துவதை வேகம் கூடுவதாகவே உடல் நம்பிவிடுகிறது. புலன்களை மயக்கும் இந்தச் சாமர்த்தியம் வியக்கத்தக்கதே. ஆயினும் நெடுநேரம் நீடிக்கும் விசையை அந்த அறையால் தர இயலாது. உயிர்ப் பயத்தையோ ஒருபோதும் தர இயலாது.

தவறான பாடத்தைச் சிமுலேட்டர் தத்ரூபமாகக் கற்பித்துவிடுவதே பெரிய அபாயம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் 265 உயிர்களைப் பலிகொண்ட ஏர்பஸ் ஏ300 விபத்தில், துணை விமானி சுக்கான் மிதிகளை அளவுக்கு மீறி மாறி மாறி மிதித்ததால் வால் துடுப்பு முறிந்தது. அவர் அவ்வாறு செய்ததற்கு, சிமுலேட்டர் பாடமும் அடங்கிய நிறுவனப் பயிற்சித் திட்டத்தின் சில அம்சங்களும் துணைக் காரணம் என்று அமெரிக்க விசாரணையில் முடிவாயிற்று.

நம் நாட்டிலும், 2020 ஆகஸ்ட் 7 அன்று, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், பின்காற்றோடு கோழிக்கோட்டின் மேட்டு ஓடுதளத்தில் இறங்கிய விமானம், ஏறக்குறைய பாதித் தூரம் கடந்த பின்பே தரைதொட்டு, சரிவில் விழுந்து 21 பேரைப் பலிகொண்டது. மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி கூறியும் இறக்கம் தொடர்ந்தது. இத்தகைய நிலையங்களுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர், அந்த ஓடுதளத்தையும் அதன் சரிவையும் மழையையும் காற்றையும் உள்ளபடி காட்டாவிடில், அங்கே கழிந்த மணிகள் ஏட்டில் ஏறுமேயன்றி விமானியின் விவேகத்தில் ஏறா.

ஆகவே, சிமுலேட்டருக்கு ஒட்டுமொத்தமாகச் சான்றிதழ் வழங்குவதோடு நில்லாமல், அதில் கற்பிக்கப்படும் ஒவ்வொரு பாடத்துக்கும் அது தகுதியுடையதா என்று இயக்குநரகம் தனித்தனியே சோதித்து, முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கடினமான நிலையங்களில், பயிற்சியளிக்கும் அனுபவமுள்ள விமானியின் அருகிருந்து மெய்யாகவே இறங்கிப் பழகும் வாய்ப்பைச் செலவைக் காட்டிக் குறைக்கலாகாது. பிரயாணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இந்தக் கடமையை, அடுத்த விபத்துக்குக் காத்திராமல், அரசாங்கம் உடனே நிறைவேற்ற வேண்டும்.